துரைக்கண்ணுவின் நகரும் நினைவுச்சின்னம்

ஒரு பொருளை விற்க, விற்பவர் ஒருவரும் வாங்குபவர் ஒருவரும் இருந்தால் போதும் என்பது பொதுவான நம்பிக்கை. கார் விஷயத்தில் அது போதாது. அது கார்தான் என்று அரசாங்கமும் ஒப்புக்கொள்ள வேண்டும். செஞ்சியில் பம்ப்செட் மெக்கானிக்காக இருக்கும் துரைக்கண்ணுவுக்கு இந்த மூன்றாவது நிபந்தனை தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையும் இல்லை, ஊரில் பல வீடுகளுக்கு மாடியும் இருந்திருக்கும்.

கார் சிவப்பு நிறம். இரண்டே சீட். தரையோடு தரையாகப் பதுங்கி, எந்த நேரமும் பாய்ந்துவிடும் போல இருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். அவலூர்பேட்டையில் மூடிக் கிடந்த ஒரு ரைஸ் மில்லில் மோட்டார் கழற்றப் போன துரைக்கண்ணு, தவிட்டு மூட்டைகளுக்கு அடியில் அதைக் கண்டுபிடித்து, மோட்டாரை விட்டுவிட்டு இதை இழுத்துக்கொண்டு வந்தார். எந்தக் கம்பெனி என்று சொல்லும் எழுத்துகள் உதிர்ந்துபோயிருந்தன. அதனால் எந்தக் கம்பெனியின் மானமும் போகவில்லை.

பிறகு அதை ரோட்டில் ஓட்டத் தகுந்ததாக மீட்டெடுத்தார். இன்ஜின் ஒரு ஆம்னி வேனுடையது. முகப்பு விளக்குகள் டிராக்டருடையவை. சீட்டு ஒரு மினி பஸ்ஸில் இருந்து வந்தது. ஹாரன் லாரியுடையது. திருவண்ணாமலை ரோட்டில் அவர் ஹாரன் அடித்தால் முன்னால் போகிறவர்கள் பதறி ஒதுங்கி, லாரியைத் தேடி, காணாமல், கடைசியில் குனிந்து பார்ப்பார்கள்.

ஒரே ஒரு குறை. கார் நின்ற இடம் வீட்டின் சமையலறை. அதாவது, சமையலறை கட்டுவதற்காக விட்டிருந்த இடம். சுவர் எழும்பவில்லை. காருக்கு மேலே தார்ப்பாய் மட்டும் கட்டியிருந்தது. துரைக்கண்ணுவின் மனைவி வளர்மதி காம்பவுண்டு ஓரமாக வெட்டவெளியில் அடுப்பு வைத்துச் சமைத்தாள். மழை வந்தால் ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் குடை.

"யோவ், ஒண்ணு அது போவணும், இல்ல நான் போவணும்" என்றாள் ஒருநாள், புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு. "நான் போனா என்கூட சோறும் போவும். யோசிச்சிக்க."

துரைக்கண்ணு சோற்றைப் பற்றி யோசித்தார். காரை விற்பதென்று முடிவானது. கொத்தனார் தனகோட்டியிடம் சொல்லி செங்கல்லும் இறக்கியாயிற்று.

வாங்க வந்தவர் சென்னையைச் சேர்ந்த கமலேஷ் என்ற இளைஞர். புதிதாகவே கிழிந்திருந்த பேண்ட் போட்டிருந்தார். காரைச் சுற்றி வந்து, கதவில் இருந்த துருவைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினார்.

"அண்ணே, இந்தத் துருவை மட்டும் எடுத்துடாதீங்க. இதுக்குத்தான் நான் காசு குடுக்கறேன்."

"டிராக்டர் லைட்ட மாத்திக் குடுக்கட்டுமா தம்பி?"

"ஐயோ, அதுல கை வைக்காதீங்க. இதுக்கு ரெஸ்டோமாட்னு பேரு. இப்ப பெரிய பேஷன்."

கைக்குக் கிடைத்ததைப் போட்டு ஓட்டுவதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அன்றுதான் துரைக்கண்ணுவுக்குத் தெரிந்தது. விலை படிந்தது. பெயர் மாற்றம்தான் பாக்கி.

போக்குவரத்து அலுவலகத்தில் ஆய்வாளர் தேவநாதன் காரை மூன்று முறை சுற்றி வந்தார்.

"இது கார் இல்லையேப்பா" என்றார்.

"நான் இதுலதான் சார் வந்தேன்."

"அது உன் கூற்று. இது வின்டேஜ்னா எல்லாம் ஒரிஜினலா இருக்கணும். பிரேக் யாரு வெச்சது?"

"நான்தான் சார். பழைய பிரேக்கு பிடிக்கல."

"பிடிக்காத பிரேக்தான் ஒரிஜினல். பிடிக்கற பிரேக்கு மாற்றம். மாற்றம் இருந்தா வின்டேஜ் இல்ல."

"சரி சார், சாதா காருன்னே எழுதிக்கங்க."

"இவ்ளோ வயசான வண்டிய சாதா காருன்னு எப்படி எழுதறது? வின்டேஜா இருந்தாத்தான் இந்த வயசுக்கு ரோட்டுல விடலாம்."

"அப்ப பிரேக்கைக் கழட்டிட்டு வரட்டுமா சார்?"

"பிரேக் இல்லாத வண்டிய ரோட்டுல ஓட்டிக்கினு வந்தா கேஸ் போடுவேன்."

ஒரு கோப்பு மேலும் போகாமல் கீழும் போகாமல் நின்றால் அதைப் பக்கத்து அலுவலகத்துக்கு அனுப்புவது மரபு. தேவநாதன், "மேற்படி பொருளின் தொன்மை குறித்துத் தங்கள் மேலான கருத்தை வேண்டி" என்று எழுதி, தொன்மைப் பொருள் காப்புக் குழுவுக்கு அனுப்பினார்.

இந்தக் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். செஞ்சிக் கோட்டைக்கு உலக அளவில் பெயர் வந்த பிறகு ஊரில் பழமைக்கு ஒரு மவுசு வந்தது. டீக்கடைக்காரர் கரி பிடித்த சுவருக்கு வெள்ளையடிப்பதை நிறுத்தி, 'பாரம்பரியத் தேநீர்' என்று போர்டு வைத்தார். மற்றவர்கள் இப்படி இருக்கும்போது அரசு சும்மா இருக்க முடியாதென்று அமைந்ததுதான் குழு. அதன் தனி அலுவலர் மதுமதி மிகவும் சுறுசுறுப்பானவர். அந்த ஆண்டு காப்பாற்ற வேண்டிய சின்னங்களுக்கு அவருக்கு ஒரு இலக்கு கொடுத்திருந்தார்கள். மலைகளையும் மதில்களையும் ஏற்கெனவே வேறொரு துறை காப்பாற்றிக்கொண்டிருந்தது. மதுமதிக்கு மிச்சமாகக் கிடைத்தது துரைக்கண்ணுவின் கார்.

ஆணை ஒரு வாரத்தில் வந்தது. அரசு அலுவலகத்தில் ஒரு வாரத்தில் ஒன்று வந்தால் பயப்பட வேண்டும் என்பதை அனுபவசாலிகள் அறிவார்கள். கார் 'பாதுகாக்கப்பட்ட நகரும் நினைவுச்சின்னம்' என்று அறிவிக்கப்பட்டிருந்தது. விற்கக்கூடாது. மாற்றக்கூடாது. செய்த மாற்றங்களையும் மாற்றக்கூடாது, ஏனெனில் அவையும் இப்போது சின்னத்தின் பகுதி. சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் செங்கல்மேல் செங்கல் வைக்கக்கூடாது. சாலைப் பயன்பாட்டுக்காக மீட்டெடுக்கப்பட்ட வண்டி என்பதால், சாலையில் ஓடுவதே அதன் பாரம்பரியம். ஆகவே தினமும் ஓட்ட வேண்டும். பொழுது சாய்வதற்குள் வீட்டில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

"மேடம், ஒரு சந்தேகம்" என்றார் துரைக்கண்ணு மதுமதியிடம். "வண்டி ஓடும்போது அந்த நூறு மீட்டர் எங்க இருக்கும்?"

"சின்னம் எங்கே இருக்கிறதோ, அங்கே."

"அப்ப அதுவும் கூடவே ஓடுமா?"

"விதி ஓடாது. பொருந்தும்."

பொருந்துகிறதா என்று பார்க்கச் சேரன் என்ற கள உதவியாளரை மொபெட்டோடும் அளவு டேப்போடும் காருக்குப் பின்னால் அனுப்பினார்கள். சேரன் கடமை தவறாதவர். முதல் நாளே வளர்மதி வீட்டில் தனகோட்டி கொத்தனாரின் கரண்டியைப் பிடித்து நிறுத்தினார்.

"இது எங்க சமையக்கட்டுப்பா!" என்றாள் வளர்மதி.

"இருக்கலாம்க்கா. ஆனா நினைவுச்சின்னத்துல இருந்து ஜீரோ மீட்டர்ல இருக்குதே."

வளர்மதி புருஷனைப் பார்த்தாள். "யோவ், இதை எங்கியாவது தூரமா கொண்டுபோய் நிறுத்து. சாயந்தரம் வரைக்கும் வராத. அதுக்குள்ள நாலு வரி கல்லு ஏத்திடறோம்."

துரைக்கண்ணு பஜாருக்குப் போய், பாண்டுரங்கனின் ரெடிமேட் கடை எதிரே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். கடைக்கு மூன்றாவது மாடி எழும்பிக்கொண்டிருந்தது. சேரன் டேப்பை இழுத்தார். மேலே கலவை எந்திரம் நின்றது.

பாண்டுரங்கன் ஓடி வந்தார். "இன்னாப்பா இது அநியாயம்! ஒரு ஓட்டை காருக்காக என் மாடிய நிறுத்துவியா?"

"சின்னத்தை ஓட்டைன்னு சொல்றது தனி குற்றம் சார்" என்றார் சேரன், வேறொரு தாளை எடுத்தபடி.

இதையெல்லாம் எதிரே இருந்த பாத்திரக் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மாடியோடு நின்றுபோனவர் அவர். துரைக்கண்ணுவைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போய், பூரி வரவழைத்து, எதிரில் உட்கார்ந்து பரிமாறினார்.

"நாளைக்கும் இங்கியே நிறுத்துங்க. நல்ல நெழலு" என்றார்.

அந்த இடத்தில் நிழலே கிடையாது.

செய்தி பரவ அதிக நேரம் ஆகவில்லை. மறுநாள் காலை துரைக்கண்ணு வீட்டு வாசலில் கூட்டம். வல்லத்தில் இருந்து ஒருவர், தம்பி எழுப்பும் பாகப்பிரிவினைச் சுவருக்கு அருகே ஒருநாள் நிறுத்தக் கேட்டார். பனமலையில் இருந்து வந்தவருக்குச் சுவர் தகராறு எதுவும் இல்லை. சம்பந்தி வீடு கட்டுகிறார், அவ்வளவுதான். கேட்டவர்களுக்கெல்லாம் முறை வைக்க வேண்டியதாயிற்று. போகிற இடத்தில் காருக்கு மாலை போட்டார்கள். பெண் கொடுக்கப் போகிறவர்கள்கூட, "மாப்ள வீட்ல கட்டட வேல ஏதாவது பாக்கி இருக்குதா?" என்று முதலில் விசாரித்துக்கொண்டார்கள்.

வளர்மதிக்கு இதில் லாபம்தான். கார் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு நேரம் வேலை நடந்தது. தனகோட்டி ஒரு கண்ணால் தூக்குக்குண்டையும் மறு கண்ணால் தெருமுனையையும் பார்த்துக் கட்டினார். லாரி ஹாரன் கேட்டதும், "சின்னம் வருது! சின்னம் வருது!" என்று சித்தாள் குரல் கொடுக்க, எல்லோரும் கரண்டியைப் போட்டுவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிடுவார்கள். கார் நுழைய வழி விட்டு, சுவர் இடுப்பு உயரம் வந்தது. பிறகு நெஞ்சு உயரம். அதன் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அது கார் சீக்கிரம் திரும்பிவிட்ட நாள்.

ஆனால் கூரை போட முடியவில்லை. கான்கிரீட் ஒரே மூச்சில் போட வேண்டும். பிறகு பல நாள் முட்டு நிற்க வேண்டும். கார் வீட்டை விட்டு ஒரேயடியாகப் போனால்தான் அது நடக்கும்.

இந்நிலையில் திண்டிவனம் ரோட்டில் ஆய்வாளர் தேவநாதன் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் எதிரே கார் போய் நின்றது. முன்பதிவு செய்தவர் ஒரு லாரி டிரைவர். காரணத்தை அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அன்று மாலையே தேவநாதன் துரைக்கண்ணு வீட்டுக்கு வந்தார்.

"அந்தக் காரை ஏன்ப்பா இன்னும் விக்காம வெச்சிருக்க?"

"அது காரே இல்லன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

"யாரு சொன்னது? நாலு சக்கரம் இருக்குது. பிரேக் பிடிக்குது. இதைவிடக் காருக்கு இன்னா வேணும்?"

"பிடிக்கற பிரேக்கு மாற்றம்னு..."

"பழசை எல்லாம் பேசாதப்பா."

மதுமதி மேடம் இதற்கு ஒப்புக்கொள்ள வேண்டுமே? அதற்கும் வழி பிறந்தது. விளக்கம் கேட்டு அவர் துரைக்கண்ணுவைக் காருடன் வரச் சொன்னார். குழு அலுவலகத்தில் பெண் ஊழியர்களுக்கான கழிப்பறை, பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பிறகு, அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. சேரன் மொபெட்டை விட்டு இறங்கினார், டேப்பை இழுத்தார், தனது சொந்த அலுவலருக்கு நோட்டீஸ் கொடுத்தார்.

புதிய ஆணை மறுநாளே வந்தது. மேற்படி சின்னம், 'விற்பனை செய்யப்படும் நாள் முதல்' சின்னம் அல்ல, கார் மட்டுமே. தேவநாதன் பெயர் மாற்றத் தாள்களை அவரே வீட்டுக்குக் கொண்டுவந்து, அவரே பேனாவும் கொடுத்தார்.

விற்கும் நாள் காலையில் வளர்மதி தலைக்குக் குளித்து, சுவருக்குப் பொட்டு வைத்தாள். கூரைக்குக் கம்பியும் ஜல்லியும் வந்து இறங்கின. தனகோட்டி ஆட்களோடு தயாராக நின்றார். கமலேஷ் சென்னையில் இருந்து வந்து காரில் ஏறி உட்கார்ந்து, துருவோடு தன்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அப்போது தெருவில் இன்னொரு லாரி திரும்பியது. அதில் செங்கல். வளர்மதி வீட்டைத் தாண்டி, இரண்டு வீடு தள்ளி, அவள் ஓரகத்தி சாந்தி வீட்டு வாசலில் நின்றது. துரைக்கண்ணுவின் தம்பி மனைவியான சாந்தி, சிரித்த முகத்தோடு வந்தாள்.

"கார் போவுதாமேக்கா? அதான் நாங்களும் இன்னிக்கே ஆரம்பிச்சிட்டோம். மாடியில ஒரு கிச்சன்."

"கீழதான் ஒண்ணு இருக்குதே" என்றாள் வளர்மதி.

"அது பழைய மாடல்க்கா. இது மாடுலர் கிச்சன். சிம்னி வெச்சது. அப்படியே ஜன்னலத் தொறந்தா ராஜகிரி மலை தெரியும்." சாந்தி எட்டிப் பார்த்தாள். "உங்களுதும் சின்னதா இருந்தாலும் அடக்கமா இருக்கும்க்கா. சுவரு லேசா சாஞ்சிருக்குது. பரவால்ல, காலண்டர் மாட்டினா தெரியாது."

சாந்தி போய்விட்டாள். வளர்மதி தன் சுவரைப் பார்த்தாள். இரண்டு வீடு தள்ளி ஏறிக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்தாள். பிறகு நேராகக் காரிடம் வந்து கதவைத் திறந்தாள்.

"தம்பி, எறங்கு."

"அக்கா?"

"எறங்குப்பா. இது விக்கறதுக்கு இல்ல."

தேவநாதன் பேனாவோடு எழுந்து நின்றார். "அம்மா, இது அரசாணை!"

"ஆணையில இன்னா சார் போட்டிருக்குது? வித்தாத்தான் காரு. விக்காத வரைக்கும் சின்னம். எங்க அந்த டேப்புக்கார தம்பி?"

சேரன் வந்தார். டேப்பை இழுத்தார். இரண்டு வீடு தள்ளி ஏணியில் ஏறிக்கொண்டிருந்தவர் இறங்கினார். தனகோட்டியும் கரண்டியைக் கழுவி வைத்தார்.

"ஏம்மே, அப்ப நம்ம சமையக்கட்டு?" என்றார் துரைக்கண்ணு.

"அது எங்க ஓடிடப் போவுது? நீ வண்டிய இன்னும் ரெண்டு அடி அந்தாண்ட தள்ளி நிறுத்துய்யா. அவ பின்பக்கமா ஏதோ கல்லு அடுக்குறா, அது அளவுக்குள்ள வருதான்னு தெரியல."

சொல்லிவிட்டு, கூரையில்லாத சுவருக்கு வெளியே, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பைக் கிளறப் போனாள். அன்றைக்குக் குழம்பு ரொம்ப நன்றாக இருந்ததாக துரைக்கண்ணு பிற்பாடு சொன்னார்.

மதுமதி இந்த நிகழ்வைத் தனது ஆண்டறிக்கையில், 'தொன்மையைப் பாதுகாப்பதில் இல்லத்தரசிகளிடையே ஏற்பட்டுள்ள நெகிழ்ச்சியூட்டும் விழிப்புணர்வு' என்ற தலைப்பில் பதிவு செய்தார். அறிக்கை வெளியான வாரத்தில், தங்கள் வீட்டில் உள்ள பழைய ஸ்கூட்டரையும் மாட்டு வண்டியையும் நகரும் சின்னமாக அறிவிக்கக் கோரி செஞ்சியில் இருந்து வந்த மனுக்களைக் கட்டி வைக்க அலுவலகத்தில் இடமில்லை. கூடுதலாக ஒரு அறை கட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள்.