மாமியார் வீட்டு விதை

கடைசிக் கரண்டி மாக்குக் கூழை வழித்து வாயில் போட்ட நேரத்தில் போன் அடித்தது. ஸ்டட்கார்ட்டிலிருந்து மனைவி நுன்சியா. மகளுக்குப் பேறுகாலம் பார்க்க முந்தாநாள்தான் ரயிலேறியிருந்தாள்.

"அடுப்புக்கு மேல சிவப்புத் துணி கட்டின ஜாடி இருக்குல்ல? அதுல இருக்கிறது எங்கம்மா வச்சிருந்த ஃபாவா விதை. கல்லறைத் திருநாளே முடிஞ்சுபோச்சு. இன்னிக்கே ஊனிடு."

கயெத்தானோ மெல்லுவதை நிறுத்தினான். சிவப்புத் துணி மேஜையில் கிடந்தது. அதில்தான் கை துடைத்திருந்தான். ஜாடியில் இருந்த மொச்சை மாதிரிக் கொட்டை முழுவதையும் குழைய வேகவைத்து, காட்டுச் சோம்புக்கீரை கிள்ளிப் போட்டு, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, இரண்டு தட்டு ஏற்கெனவே உள்ளே போயாகிவிட்டது.

"என்ன மெல்லுற?"

"ரொட்டி."

"அந்த வித்து அத்துப்போச்சுன்னா எங்கம்மா ரெண்டாவது தடவ செத்த மாதிரி. இப்பவே சொல்லிட்டேன்."

மாமியாரை அவன் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். சுவரில் படமாகத் தொங்கியவள் இப்போது அவன் வயிற்றையே முறைத்துப் பார்ப்பதுபோல் இருந்தது.

ஆயுசெல்லாம் கத்தானியா நகரத்துக்கு பஸ் ஓட்டியவன் அவன். வீட்டுக்குப் பின்னால் தோட்டம் இருப்பது தெரியும், அவ்வளவுதான். ஆனால் நுன்சியாவின் கோபம் நன்றாகத் தெரியும். அவள் கத்தமாட்டாள், சமைக்கவும் மாட்டாள். ஒருமுறை அவள் தங்கையைக் குண்டு என்று சொன்னதற்கு ஒரு தவக்காலம் முழுக்கத் தக்காளியும் ரொட்டியுமாகக் கழிந்தது.

சந்தையில் விதை விற்கும் செவெரினாவிடம் வாங்கலாம். ஆனால் அவள் காதில் விழுந்தது ஊர்க்காதில் விழுந்த மாதிரி. மிச்சமிருந்தது பக்கத்துத் தோட்டத்து இஞ்ஞாசியோ. எலுமிச்சைக் கிளை யார் பக்கம் சாய்ந்தது என்ற தகராறில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது.

இஞ்ஞாசியோ விஷயம் முழுவதையும் கேட்டான். சிரித்துச் சிரித்து வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டான்.

"மாமியார முழுங்கிட்டு வந்து நிக்கிறியா? சரி, கொட்டை தர்றேன். ஆனா மதுக்கடையில எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, இஞ்ஞாசியோ ஒயினுக்கு முன்னால என் ஒயின் கழுநீர்னு சொல்லணும்."

"உன் ஒயின்ல பல்லி செத்துக் கிடக்கும்டா."

"அப்ப பல்லியவே ஊனிக்க."

கயெத்தானோ நாற்காலி மேல் ஏறி நின்று சொன்னான். மதுக்கடை கைதட்டியது. கொட்டை கைக்கு வந்தது.

ஊனினான். முளைத்தது. விரல் உயரம் வந்ததும் முள்ளம்பன்றியும் வந்தது. வரிசையில் கால்வாசியைக் கிளறித் தின்றுவிட்டுப் போயிருந்தது. மறுபடியும் இஞ்ஞாசியோவிடம் போனான்.

"கொட்டை வேணும்னா இன்னும் தர்றேன். ஆனா அது திரும்ப வரும்டா. வேலி ஓரமா ஆம்பள மூத்திரம் பெய்யணும். அந்த வாடைக்குத்தான் அது பயப்படும்."

"நெசமாவா?"

"எங்கப்பா அப்படித்தான் பண்ணுவாரு."

ஒரே ஆள் சுற்றுவேலி முழுவதையும் நனைப்பது லேசான காரியமில்லை. பகலெல்லாம் தண்ணீரும் ஒயினுமாகக் குடித்து, சாயங்காலம் வேலியோரம் போய் நின்றான். அன்று அமலோற்பவ மாதா திருநாள் என்பதையும், பவனி தோட்டத்தை ஒட்டிய கீழ்த்தெரு வழியாகத்தான் வரும் என்பதையும் ஒயின் மறக்கடித்திருந்தது.

பேண்டு வாத்தியம் வளைவு திரும்பியது. முதலில் எக்காளம் நின்றது. பிறகு மேளம் நின்றது. மாதாவைத் தூக்கி வந்தவர்களும் நின்றார்கள். ஆரம்பித்ததை நடுவில் நிறுத்த முடியாமல் கயெத்தானோவும் நின்றான்.

"கயெத்தானோ!" என்று பசீலியோ சாமியார் அலறினார். "மாதாவுக்கு முன்னால என்ன கோலம்டா இது? அந்தப் பக்கம் திரும்பித் தொலை!"

திரும்பினான். அந்தப் பக்கம் கன்னியர் மடத்து மாடி. கன்னியாஸ்திரிகள் எல்லாரும் பவனி பார்க்க வரிசையாக நின்றிருந்தார்கள்.

மாதா சுரூபம் கோயிலுக்குத் திரும்புவதற்கு முன்பே செய்தி ஸ்டட்கார்ட்டுக்குப் போய்விட்டது.

"அவுத்துட்டு நின்னியாமே?" என்றாள் நுன்சியா.

"உங்கம்மாவுக்காகத்தான்டி நின்னேன்!"

மறுமுனையில் மூச்சை அடக்கி அடக்கி விடும் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்ததும் இவனுக்கும் கண் கலங்கிவிட்டது. பிறக்கப்போகும் பேரக் குழந்தையின் நினைப்பும் சேர்ந்துகொண்டது.

"நுன்சியா, கிறிஸ்துமஸுக்கு நான் கிளம்பி வரட்டுமா? போன தடவ மாதிரி மாப்பிள்ளைக்கு நாலு நல்லது சொல்லிக் குடுக்கலாம்."

"வேண்டாம்!" என்று நுன்சியாவும் பின்னாலிருந்து மகளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பிறகு நுன்சியா குரலைத் தணித்தாள். "நீ வந்துட்டா அம்மா விதைய யாரு பாத்துப்பா?"

அது நியாயம் என்று அவனுக்கே பட்டது. போன தடவை அவன் மகள் வீட்டில் செய்தது கொஞ்சநஞ்சமில்லை. சோபாவை இடம் மாற்றினான். மாப்பிள்ளைக்குக் கார் ஓட்டும் முறையை மாற்றிக் கொடுத்தான். சம்பந்தியம்மாள் வைத்த சூப்பில் அவள் கண்ணெதிரே உப்பள்ளிப் போட்டுத் திருத்தினான். பாவம், அவன் இல்லாமல் அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்களோ.

மகளுக்குப் பெண் பிறந்தது. நுன்சியா இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். பிப்ரவரியில் ஃபாவா பூத்தது. வெள்ளைப் பூவில் கருப்புப் பொட்டு. தினமும் காலையில் காப்பியோடு போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அதனிடம் மாப்பிள்ளையைப் பற்றிக்கூடப் பேசினான். உண்மையைச் சொன்னால், அதன் மேல் அவனுக்குப் பிரியமே வந்துவிட்டது.

அப்போது பார்த்து உறைபனி விழும் என்று ரேடியோ சொன்னது. பூ கருகினால் காயில்லை, காயில்லாவிட்டால் வித்தில்லை. கையில் அகப்பட்டதை எடுத்தான். அகப்பட்டது நுன்சியாவின் சீர்ப்பெட்டி. அவள் குமரியாக இருக்கும்போது மூலையில் தன் பேரெழுத்தைப் பூத்தையல் போட்டு வைத்திருந்த லினன் விரிப்புகள் அதில் இருந்தன. அத்தனையையும் ஃபாவாவுக்குப் போர்த்திவிட்டான்.

பூ பிழைத்தது. ஆனால் விடியும்போது காற்றில் பறந்த ஒரு விரிப்பு இஞ்ஞாசியோவின் ஆட்டுக்கொட்டிலில் கிடந்தது. பேரெழுத்து இருந்த மூலையை ஆடு தின்றுவிட்டிருந்தது.

கயெத்தானோ யோசித்தான். ஒன்றில் மட்டும் மூலை இல்லாவிட்டால்தானே வித்தியாசம் தெரியும்? கத்திரிக்கோலை எடுத்து மிச்ச விரிப்புகளிலும் அதே மூலையை வெட்டினான்.

ஈஸ்டருக்கு முன்னால் நுன்சியா வந்து சேர்ந்தாள். முதல் வேலையாகச் சீர்ப்பெட்டியைத் திறந்தாள். கயெத்தானோ கண்ணை மூடிக்கொண்டான்.

"பனிக்கு... உங்கம்மா விதைக்கு..."

அவள் விரிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். "போகட்டும் விடு" என்று சொல்லிவிட்டு, அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய் பொரிக்கப் போய்விட்டாள். சமையலோடு வரும் கோபத்தை அவன் பார்த்ததே இல்லை.

மறுநாள் தோட்டத்தில் ஒரு காயை உடைத்து, பச்சையாகவே பாலாடைக்கட்டியோடு சேர்த்து மென்றாள்.

"அப்படியே எங்கம்மா தோட்டத்து ருசி" என்றாள். அவன் கன்னத்தைத் தட்டியும் கொடுத்தாள். "நீ தங்கமான மனுஷன்யா. அடுத்த குளிருக்கும் நீயே பாத்துக்க."

அந்தத் தட்டல்தான் அவனைக் கொன்றது. ராத்திரி தூக்கம் வரவில்லை. இவள் இவ்வளவு நம்புகிறாள், நாமோ இஞ்ஞாசியோவின் கொட்டையைக் கொடுத்து ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம். அதை நினைக்க நினைக்க அவனுக்கு அவன் மேலேயே வெறுப்பு வந்தது. அந்த அசல் வித்தில் ஒரு கைப்பிடியாவது தேடிப் பிடித்து வைத்துவிட வேண்டும். சந்தை நாளன்று விடிந்ததும் செவெரினா கடை முன்னால் போய் நின்றான். மாமியாரின் காலத்திலிருந்தே அங்கே கடை போட்டிருப்பவள் அவள்.

"அக்கா, ஊரே சிரிச்சாலும் பரவாயில்ல" என்று தொப்பியைக் கழற்றினான். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டினான். "எங்க மாமியார் தன் ஃபாவா விதைய அக்கம்பக்கத்துல யாருக்காவது குடுத்திருப்பாங்கல்ல? யாருகிட்ட இருக்கும்னு மட்டும் சொல்லுங்கக்கா. வீடு வீடா முட்டி போட்டாவது வாங்கிக்கிறேன்."

செவெரினா தராசைக் கீழே வைத்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள். தலைத்துணி முனையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினாள்.

"அட மண்டு! உன் மாமியாருக்கு ஃபாவாப் பூ வாசம் பட்டாலே மஞ்சக்காமாலை வந்துரும், அந்தம்மா இருந்த வரைக்கும் அத வீட்டு வாசப்படியே ஏத்துனதில்ல. அந்த ஜாடிக் கொட்டைய நுன்சியா ரயிலேறுற அன்னிக்குத்தான் எங்கிட்ட வாங்கினா, 'இந்த மனுஷன் ஸ்டட்கார்ட் பக்கம் தலைவச்சுப் படுக்காம இருக்க என்ன ஊனலாம்க்கா'ன்னு கேட்டு!"