சோலையம்மா வீட்டுப் பெட்டியும் முளைக்காத பாரியும்

ஒரு காட்டில் சிங்கம் இருந்ததா, நரி இருந்ததா என்றெல்லாம் கேட்காதீர்கள். வைஃபை இருந்தது. அதுதான் முக்கியம்.

காட்டிலேயே உயரமான மரத்தில் பொந்து வைத்திருந்தவள் சோலையம்மா என்கிற அணில். சிக்னல் எல்லா மூலைக்கும் எட்ட வேண்டும் என்று, பச்சை விளக்கு மினுக்கும் அந்தப் பெட்டியை அவள் பொந்துக்குள்தான் மாட்டினார்கள். அன்றிலிருந்து அவளைப் பிடிக்க ஆளில்லை. "மதினி, வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு, ஒருக்கா அணைச்சுப் போடுங்களேன்" என்று கீழேயிருந்து யாராவது கெஞ்சுவார்கள். அவளும் பெரிய அதிகாரி மாதிரி மெல்ல எழுந்து போய் அணைத்துப் போடுவாள்.

இந்த மரியாதைக்கெல்லாம் முளைப்பாரி வந்து வேட்டு வைத்தது.

அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பூசாரி கரடி வீட்டுக்கு வீடு விதை கொடுப்பார். பெண்கள் அதைச் சட்டியில் விதைத்து, வெளிச்சம் படாத மூலையில் வளர்த்து, தலையில் சுமந்து ஊர்வலம் போக வேண்டும். போன வருஷம் சோலையம்மாவின் சட்டியில் ஒன்றும் முளைக்கவில்லை. பாவம் என்று விட்டுவிட்டார்கள். இந்த வருஷமும் வெறும் மண். பக்கத்துக் கிளை மாடத்தி மைனாவின் சட்டியிலோ முளை நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

"இன்னொரு பிடி விதை தாரேன் தாயி. அதுவும் வரலைன்னா இனிமே உனக்கு வரிசையில எடமில்ல" என்றார் கரடி.

சோலையம்மா அந்த விதையை வாங்கிப் பத்திரமாக எடுத்து வைத்தாள். ஊரே கும்மியடித்துப் போகும்போது தான் மட்டும் கிளையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதா?

"மதினி, எல்லாம் அந்தப் பெட்டியாலதான்" என்றாள் மாடத்தி.

"கதிர்வீச்சு" என்றார் பெரியகருப்பன் என்கிற பெருச்சாளி. அவர் காட்டின் விஞ்ஞானி. எல்லாம் வீடியோவில் படித்த படிப்பு. பெட்டி ஆபத்தானது என்பதையே அந்தப் பெட்டி வழியாக வந்த வீடியோவில்தான் தெரிந்துகொண்டார்.

உடனே சோதனை நடந்தது. ஒரு சட்டி பெட்டிக்குப் பக்கத்தில், இன்னொன்று காட்டின் கடைக்கோடிப் புளியமரத்தடியில். ரெண்டிலும் பாசிப்பயறு.

"ரெண்டையும் நீயே வெதைக்கணும் அக்கா. கை மாறினா சோதனை கெட்டுப்போயிரும்" என்றார் பெரியகருப்பன்.

அவளே விதைத்தாள். ரெண்டும் முளைக்கவில்லை. மூளையுள்ளவன் என்றால் அங்கேயே பெட்டி மேல் பழி போடுவதை விட்டிருப்பான். பெரியகருப்பன் மீசையை நீவிக்கொண்டு, "பாத்தீங்களா, புளியமரம் வரைக்கும் பாஞ்சிருக்கு!" என்றார். கூட்டம் கைதட்டியது. திருவிழாவுக்கு முன்பு பெட்டியைக் கழற்றுவதா வேண்டாமா என்று கோயிலில் கூடிப் பேச முடிவானது.

கடைசிப் பிடி விதையோடு சோலையம்மா தனியாக உட்கார்ந்தாள். முதல் விதையை எடுத்தாள். மண்ணில் வைக்கப் போனபோது காதில் விழுந்தது: கருக்.

விதையைத் திருப்பிப் பார்த்தாள். முனை இல்லை.

புதைக்கிற கொட்டையின் முளைமுனையைக் கடித்துவிட்டுப் புதைப்பது அணில்களின் பரம்பரை வழக்கம். இல்லாவிட்டால் மழைக்காலச் சேமிப்பெல்லாம் செடியாகிவிடும். மண்ணைக் கண்டதும் பல் தன் வேலையைச் செய்திருக்கிறது, அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மன் விதையைக் கொறித்திருக்கிறோமே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு துணியை எடுத்து வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு மிச்ச விதைகளை விதைத்தாள். சில நாளில் குப்பென்று முளைத்தது.

சட்டியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். அங்கே கூட்டம் களைகட்டியிருந்தது. மாடத்தியின் மகன் பரீட்சையில் தவறியது பெட்டியால். குரங்கு வீட்டுச் சம்பந்தம் முறிந்தது பெட்டியால். தான் காலைப் பூசைக்கு எழுந்திருக்க முடியாததும் பெட்டியால்தான் என்று கரடியே சொல்லிக்கொண்டிருந்தார்.

"பெட்டி மேல தப்பில்ல சாமி! என் பல்லு மேலதான் தப்பு" என்று சோலையம்மா எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னாள். வாயைக் கட்டிக்கொண்டு விதைத்ததையும் சொன்னாள், சட்டியையும் காட்டினாள்.

கூட்டம் சட்டியை எட்டி எட்டிப் பார்த்தது. பிறகு பெரியகருப்பன் துள்ளி எழுந்தார்.

"துணி! துணிதான் கதிரைத் தடுத்திருக்கு!"

"அய்யோ, மதினி தப்பைத் தன் தலையில இழுத்துப் போட்டுப் பேசுறாகளே. பெட்டி மூளைக்கும் ஏறிருச்சு போல" என்று மாடத்தி கண்ணைத் துடைத்தாள்.

"துணி இருக்கையில பெட்டியை எதுக்குக் கழட்டணும்?" என்றார் கரடி. எல்லாருக்கும் உயிர் வந்தது. பெட்டி போனால் வீடியோ போய்விடும். அதைவிட, பரீட்சைக்கும் சம்பந்தத்துக்கும் பூசைக்கும் பதில் சொல்ல வேண்டி வரும்.

"நான் என்ன சொல்றேன்னா..." என்று தொடங்கினாள் சோலையம்மா. அதற்குள் மேளம் முழங்கிவிட்டது. அவள் சட்டியைத்தான் வரிசையில் முதலில் நிறுத்தினார்கள். மாடத்தி பாசத்தோடு அவள் வாயில் துணியைக் கட்டி, நன்றாக முடிச்சும் போட்டுவிட்டாள்.

"பேசாம வாங்க மதினி."

சோலையம்மாவும் பேசாமல் போனாள். சந்தோஷமாகத்தான் போனாள்.

நீதி: ஒவ்வொரு வீட்டிலும் பச்சை விளக்கு எரியும் பெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும்; நெட் வராவிட்டாலும் பரவாயில்லை, நம் பல் செய்ததையெல்லாம் அது வாங்கிக்கொள்ளும்.