இடப்பக்க வேலிக்கு அப்பால் வசிப்பவர்

நான் யாரையும் இலேசில் நம்புவதில்லை. இதற்காக வெட்கப்பட வேண்டுமென்று எனக்குத் தோன்றியதும் இல்லை. முப்பத்தொரு வருடம் அதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். ஆறு வருடம் யாழ்ப்பாணக் கச்சேரி என்னும் அரச செயலகத்தில், மிச்சம் முழுவதும் மெல்பேர்ணில் ஓர் அரச திணைக்களத்தின் கணக்காய்வுப் பிரிவில். ஓய்வு பெற்றபோது பிரியாவிடைக்கு ஒரு கைக்கடிகாரம் தந்தார்கள். அதன் உத்தரவாதப் பத்திரத்தில் கடையின் முத்திரை இல்லையென்று மேடையிலேயே சொல்லிவிட்டு இறங்கியவன் நான்.

இப்படிப்பட்ட ஒருவனிடம் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து மைத்துனன் வசந்தன் ஆலோசனை கேட்டது இயல்புதான். வசந்தன் என் மனைவி சரோவின் ஒரே தம்பி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன், தனியாள். ஃபோனில் கசினோச் சூது விளையாடத் தொடங்கியிருந்தான்.

"அத்தான், இது இங்கை சட்டப்படி சரியான விளையாட்டு. ஆனா ஆயிரத்தெட்டு தளம் கிடக்கு. எது கள்ளன், எது நல்லவன் எண்டு தெரியேல்லை."

"எல்லாம் கள்ளன்தான். லைசென்ஸ் உள்ள கள்ளன், இல்லாத கள்ளன் எண்டு ரெண்டு வகை" என்றேன்.

ஆஸ்திரேலியாவில் அந்த வகை இணையக் கசினோவை நடத்தவே சட்டம் விடாது. ஆகவே எனக்கு முன்னனுபவம் எதுவும் இல்லை. அதனாலென்ன? நான் தணிக்கை செய்த எந்த அலுவலையும் நான் செய்து பார்த்தவன் அல்லன். பத்து நாள் இருந்து வாசித்து, பதினான்கு விதிகள் கொண்ட ஒரு சுற்றறிக்கை தயாரித்து அனுப்பினேன்.

அதில் இன்றைக்கும் பிழை சொல்ல முடியாது. தளத்தின் அடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் படத்தை நம்பாதே. அந்த இலக்கத்தை எடுத்து, பிரித்தானியச் சூதாட்ட ஒழுங்குபடுத்துநரின் பதிவேட்டில் நீயே தேடு. குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொட்டுச் செயலியை இறக்காதே. மாதத்துக்கு இவ்வளவுதான் போடுவேன் என்ற எல்லையை முதல் காசு போடுமுன் வை, தோற்ற பிறகு வைப்பதற்கு உனக்கு மனம் வராது. இலவசமாகத் தருகிறோம் என்றால் எத்தனை தடவை விளையாடிய பிறகு எடுக்க விடுவார்கள் என்பதைச் சின்ன எழுத்தில் தேடு. (முப்பது தடவை என்று இருந்தது. அதற்குப் பெயர் இலவசமாம்.) அடையாளப் பத்திரங்களை முதலே கொடுத்துவிடு, வென்ற பிறகு கேட்டால் அவர்களுக்கு அவசரம் இருக்காது. பஸ் நிலையத்து இலவச இணையத்தில் விளையாடாதே. வென்றால் அன்றைக்கே எடு.

ஏழாம் விதியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்: கடவுச்சொல்லை ஒருவருக்கும் கொடுக்காதே. உறவினருக்கு அறவே கொடுக்காதே.

இவ்வளவும் எழுதியும் எனக்கு ஆறவில்லை. கணக்குக்கான மின்னஞ்சல் முகவரியை நானே திறந்து, எச்சரிக்கைகள் யாவற்றிலும் எனக்கும் ஒரு பிரதி வரும்படி செய்தேன். மேற்பார்வை இல்லாத இடத்தில் ஒழுக்கம் இல்லை.

இரண்டு வருடம் கழிந்தது. அந்த ஆவணியில் எங்கள் மகளுக்குக் கலியாணம். தாய்மாமன் நிற்காமல் எப்படி? விமான ரிக்கற் காசு நான் தருகிறேன் என்றால் வசந்தன் கேட்கமாட்டான். "அத்தான்ரை காசிலை வந்து சபையிலை நிக்கிறதோ? சொந்தக் காசு இருந்தா வருவன், இல்லாட்டி வீடியோவிலை பாக்கிறன்" என்பான். சரோ இதைச் சொல்லிச் சொல்லி அழுவாள்.

பங்குனிக் கடைசியில் அவன் வென்றான். தொளாயிரத்துச் சொச்சம் பவுண்ஸ். சரியாக ஒரு ரிக்கற். வசந்தனுக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு வந்தது: "இண்டைக்கே எடு." அவன் சனிக்கிழமை, அட்டமி என்று ஏதேதோ முணுமுணுத்தான். வருடம் பிறக்க எடுக்கிறேன் என்றான்.

சித்திரை வருடப்பிறப்பன்று நான் கோயிலுக்குப் போய்விட்டேன். சரோ முழங்கால் நோ என்று வரவில்லை. வீட்டுக்கு வந்து மின்னஞ்சலைத் திறந்தால் எச்சரிக்கை: வசந்தனின் கணக்குக்குள் புதிய சாதனமொன்றிலிருந்து நுழைவு முயற்சி. மெல்பேர்ண் நேரம் காலை 10.19 முதல் 10.50 வரை பதினொரு முயற்சிகள். இடம், நோபல் பார்க் அருகே.

நோபல் பார்க்! நான் குடியிருக்கும் ஊர்!

உடனே வசந்தனுக்கு எடுத்தேன். அங்கே அதிகாலை. "உன்ரை கணக்கை ஆரோ உடைக்கிறாங்கள்!" என்றேன். 

"அத்தான்... அதை விடுங்கோ."

"என்னெண்டு விடுறது?"

"ஒண்டும் போகேல்லைத்தானே. விடுங்கோ அத்தான்."

குரல் நடுங்கியது. கழுத்தில் கத்தி வைத்திருக்கிறார்கள் என்று முடிவுசெய்தேன்.

வேறொருவனாக இருந்தால் இந்த இடத்தில் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பான். நான் முறைப்படி, எங்கள் வீட்டு இணையப் பெட்டியில் இணைந்த சாதனங்களின் பட்டியலைத் திறந்தேன். என் ஃபோன், சரோவின் ஃபோன், தொலைக்காட்சி. நாலாவதாக ஒரு பெயர்: ராமநாதன்.

ராமநாதன் பக்கத்து வீட்டுக்காரர். கோயம்புத்தூரில் வங்கியில் இருந்து இளைப்பாறியவர். முந்திய வருடம் அவருடைய இணைப்பு அறுந்தபோது இரண்டு நாளைக்கு எங்கள் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தேன். (ஏழாம் விதி எனக்கும் எழுதப்பட்டது என்று அப்போது தோன்றவில்லை.) அவரைப் பற்றி யோசிக்க யோசிக்க ஆதாரங்கள் திரண்டன. போன மாதம் புதுப் புல்வெட்டும் இயந்திரம் வாங்கியிருந்தார். பழையதற்கு என்ன குறை? ஒவ்வொரு செவ்வாயும் டை கட்டிக்கொண்டு, பூட்டிய பெட்டியோடு எங்கேயோ போவார். எங்கே என்று கேட்டால், "சும்மா ஒரு சேவைங்க சார்" என்று சிரிப்பார். டை கட்டிக்கொண்டு என்ன சேவை?

கசினோவின் உதவிப் பக்கத்தில் 'சோஃபி' என்ற பெண் வந்தாள். நீர் மனிதரா இயந்திரமா என்று கேட்டேன். "நல்ல கேள்வி! வேறு எதில் உதவட்டும்?" என்றாள். ஆகவே மேலிடத்துக்கே மூன்று பக்கத்தில் முறைப்பாடு எழுதினேன். 'நோபல் பார்க்கில் இயங்கும் குற்றக் கும்பல்' என்ற சொற்றொடரை அதில் நான்கு இடங்களில் பயன்படுத்தினேன்.

அடுத்த நாளே பதில். கணக்கை முடக்கிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை ஒரு பென்னியும் வெளியே வராது. சம்பவத்தை அறிந்தவர் கையொப்பமிட்ட வாக்குமூலம் தேவை.

பெருமையோடு குசினிக்குள் போய்ச் சொன்னேன். சரோவின் கையிலிருந்த அகப்பை சாம்பாருக்குள் விழுந்தது.

"எல்லாத்தையும் எழுதிப் போட்டியளோ?"

"ஓம். மூண்டு பக்கம்."

"ரிக்கற் விலை ஏறுதப்பா! அவன் எப்பிடி வாறது?"

"கும்பலைப் பிடிச்சாத்தான் காசு வரும்."

"இஞ்சருங்கோ, நான் ஒண்டு சொல்லவேணும்..."

"விசாரணை முடியுமட்டும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லப்படாது. அது சாட்சியைப் பாதிக்கும்" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அகப்பையைத் தேடினாள்.

வாக்குமூலத்தைச் சத்தியக் கூற்றாகவே எழுதினேன். இந்நாட்டில் அதற்குப் படிவம் உண்டு. அதிகாரம் பெற்ற சாட்சி ஒருவரின் முன் கையெழுத்திட வேண்டும். பொய் சொன்னால் தண்டனை. தெருவில் மருந்துக்கடைக்காரரே சாட்சியாகக் கையெழுத்து வைப்பார். எனக்கு அது போதவில்லை. ஸ்பிரிங்வேலில் செவ்வாய்க்கிழமைகளில் பத்திரங்களுக்குச் சாட்சியிடும் சமாதான நீதவான் ஒருவர் மேசை போட்டு இருப்பாரென்று அறிந்து அங்கே போனேன். எனக்கு முன்னால் நாலு பேர். என் முறை வந்தது. கதிரையை இழுத்து இருந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு நிமிர்ந்தேன்.

எதிரே டை கட்டிக்கொண்டு ராமநாதன்.

"அட, சார்! வாங்க வாங்க!" என்றார். மேசையில் அந்தப் பூட்டிய பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ரப்பர் முத்திரைகள்.

எழுந்து போயிருக்கலாம். ஆனால் வரிசையில் நின்று முறை வந்த பின் எழுந்து போவதற்கு எனக்குத் தெரிந்து ஒரு நடைமுறையும் இல்லை. பத்திரத்தை நீட்டினேன்.

"நீங்கள் உள்ளடக்கத்தை வாசிக்கத் தேவையில்லை" என்றேன்.

"தேவையில்லதான் சார். பக்கம் எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு மட்டும் பார்த்துடறேன்" என்றவர், வங்கிக்காரர் அல்லவா, முதல் வரியிலிருந்து தொடங்கினார். நான் ஆங்கிலத்தில் எழுதியதை மெதுவாக, தமிழாக்கி, எனக்கே வாசித்துக் காட்டினார்.

"'எனது வீட்டின் இடப்பக்க வேலிக்கு அப்பால் வசிப்பவர் மீது எனக்குப் பலத்த சந்தேகம் உண்டு.'" நிமிர்ந்தார். "சார், இடப்பக்கம்னா... தெருவிலேருந்து பார்க்கிறப்பவா, வீட்டுக்குள்ளேருந்து பார்க்கிறப்பவா?"

"அது... வீட்டுக்குள்ளிருந்து."

"அப்ப நான்தான்."

பின்னால் நின்ற ஒரு வியட்நாமிய அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தை வாசிக்கத் தெரிந்திருக்கும்.

ராமநாதன் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். "'புதிய புல்வெட்டும் இயந்திரம், வருமானத்துக்குப் பொருந்தாதது'" என்று தொடர்ந்து வாசித்தார். "தள்ளுபடில வாங்கினேன் சார். ரசீது வேணுமா?" பிறகு, "சித்திரை ஒண்ணாந்தேதி காலைல பத்தே காலுக்கு மேலேன்னு போட்டிருக்கீங்க. அப்ப நான் கோயில்லதானே இருந்தேன்? சாப்பாட்டு வரிசைல எனக்கு முன்னாடி நின்னு, வடை ஒண்ணுதானான்னு சண்டை போட்டீங்களே?"

உண்மைதான். பரிமாறிய பையன் எல்லோருக்கும் இரண்டு வைத்து எனக்கு ஒன்று வைத்தான். அந்தச் சந்தேகத்தில் பின்னால் நின்றவரை மறந்துவிட்டேன்.

அவர் பத்திரத்தின் கடைசிப் பந்திக்கு வந்தார். "'அந்நேரத்தில் வீட்டில் என் மனைவியைத் தவிர வேறு ஒருவரும் இருக்கவில்லை.'" பத்திரத்தை மேசையில் வைத்தார். நான் எழுதிய வாக்கியம். மூன்று முறை எழுத்துப்பிழை பார்த்த வாக்கியம்.

"சார், இந்த நேரத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கேன்." ஃபோனை எடுத்துத் தேடினார். சரோ தெரு முழுவதற்கும் அனுப்பிய புதுவருட வாழ்த்து அது. கீழே பஞ்சாங்கத்துண்டு: கைவிசேஷ நேரம், மு.ப. 10.17 முதல் 10.51 வரை.

"எங்க ஊர்ல இந்தப் பேரு கிடையாது. என்னங்கம்மா இதுன்னு கேட்டேன். புது வருஷத்தில நல்ல நேரத்துக்கு, ராசியான கையால காசு வாங்கினா வருஷம் பூரா காசு தடங்கலில்லாம வரும்னு சொன்னாங்க. 'என்ர கையிலதான் எல்லாரும் வாங்குவினம்'னு சொன்னாங்க சார்."

நான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தேன்.

"இதுல நான் சம்பந்தப்பட்டவன். அதனால நான் சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது" என்று பத்திரத்தை மடித்துத் தந்தார். "உங்களுக்குத் தெரியாத நடைமுறையா?"

வீட்டுக்கு வந்தபோது சரோ குசினிக் கதிரையில் இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டாள்.

"தம்பிதான் கேட்டவன். அக்கா, உன்ரை கையாலை நல்ல நேரத்திலை ஒருக்கா அந்தக் காசெடுக்கிற பொத்தானை அமத்திவிடு, தடங்கலில்லாமல் வரும் எண்டு. உங்களுக்குத் தெரிஞ்சா ஏழாம் விதி எண்டு கத்துவியள்."

"ஏன் பதினொரு தரம்?"

"பக்கம் திறக்கேல்லை. என்னவோ இந்த நாட்டிலை ஏலாது எண்டு வந்தது. நல்ல நேரம் முடியப்போகுது எண்டு திரும்பத் திரும்ப அமத்தினன்."

"நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்ல வந்தனான். விசாரணை முடியட்டும் எண்டு சொன்னது ஆர்?"

காசு முடங்கியது அவளுடைய கையால் இல்லை. பூட்டிய கதவை அவள் தட்டினாள், அவ்வளவுதான். ஊரைக் கூட்டிக் கதவுக்கு ஆணியடித்தவன் நான்.

'குற்றக் கும்பல்' என்று எழுதியதை வாபஸ் வாங்கும் இரண்டாவது சத்தியக் கூற்றில் மருந்துக்கடையில் கையெழுத்திட்டேன். வழக்கத்தில் ஒன்றும் வாசிக்காத மருந்துக்கடைக்காரப் பெண் அன்றைக்கென்று வாசித்தாள். "அப்படியென்றால் அந்தக் குற்றக் கும்பல் உங்கள் மனைவியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இருமல் மருந்துக்கு நின்றவர்களெல்லாம் இருமலை நிறுத்திவிட்டார்கள்.

பதில் வர ஐந்து வாரம். வென்றது அந்தப் பதினொரு முயற்சிகளுக்கும் முன்னர் என்பதாலும், உள்ளே எவரும் நுழையவில்லை என்பதாலும் காசைக் கொடுத்தார்கள். கடவுச்சொல்லைப் பகிர்ந்ததற்காகக் கணக்கை நிரந்தரமாக மூடினார்கள். அதற்குள் விலை ஏறிவிட்டது. வசந்தன் இரண்டு நாடுகளில் இறங்கி ஏறி, முப்பத்தொன்பது மணித்தியாலம் பயணம் செய்து, கலியாணத்துக்கு முதல்நாள் காலை வீங்கிய காலோடு வந்திறங்கினான். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்தான்.

"கணக்கை மூடினது நல்லதாப் போச்சு அத்தான். இந்த ரெண்டு வருசத்திலை அதுக்குள்ளை போட்ட காசுக்கு நாலுதரம் வந்து போயிருப்பன்."

என் பதினான்கு விதிகளிலும் அந்த வாக்கியம் இல்லை. பதினைந்தாவதாகச் சேர்த்துக்கொண்டேன்.

கலியாணத்தில் ராமநாதன் முன்வரிசையில் இருந்தார். "ப்ளீஸ் அப்பா, அந்த அங்கிளை மட்டும் இன்வெஸ்டிகேட் பண்ணாதேங்கோ" என்றாள் மகள், தாலிக்கொடி கழுத்தில் ஏறிப் பத்து நிமிடம் ஆகுமுன்.

இப்போது ஒவ்வொரு வருடப்பிறப்புக்கும் அவர் டை கட்டிக்கொண்டு, பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வருவார். சரோ எல்லோருக்கும் உறையில் ஐந்து டொலர் வைத்துக் கைவிசேஷம் கொடுப்பாள். என் உறை மட்டும் முதலில் அவரிடம் போகும். கோயம்புத்தூருக்குப் போன இடத்தில் ஒரு முத்திரை செய்வித்து வந்திருக்கிறார். ஊதி, மையில் ஒற்றி, உறையின் மேல் அழுத்திக் குத்துவார். சுற்றிவர வட்டம், நடுவில் தமிழில்: 'இடப்பக்க வேலிக்கு அப்பால் வசிப்பவர்'. வீடே சிரிக்கும். லெஸ்டரிலிருந்து வீடியோவில் வசந்தனும் சிரிப்பான்.

முத்திரை கோணாமல் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, உறையைத் திறந்து தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான், நான் சட்டைப்பையில் வைப்பேன்.