அருந்ததி தெரியவில்லை

கல்யாணத்தன்று மணப்பெண் சொல்ல வேண்டிய பொய் ஒன்றே ஒன்றுதான். அதைக்கூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வைகாசி மாதம், காலை நேரம், இலங்கை மலையகத்து நோர்வூட்டில் ஒரு தேயிலைத் தோட்டக் கோயில். தாலி ஏறியாயிற்று, அம்மி மிதித்தாயிற்று. அருந்ததி பார்க்க ஐயர் எங்களை வாசலுக்கு அழைத்து வந்தார். மேலே மூடுபனி, வேறொன்றும் இல்லை. மாப்பிள்ளை விரலை நீட்டினார். கற்புக்கரசி அங்கே வசிட்டரோடு நிற்கிறாளாம்.

"தெரியுதாம்மா?" என்றார் ஐயர்.

எல்லாப் பெண்களும் 'தெரியுது' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நானோ கணினித் தொழில்நுட்பம் படித்தவள்; சரிபார்க்காமல் ஆமாம் போட மாட்டேன். (அதை நல்ல குணம் என்று வேறு நினைத்திருந்தேன்.) நட்சத்திரம் காட்டும் செயலியைப் போனில் இறக்கித் தம்பியிடம் கொடுத்து வைத்திருந்தேன். வாங்கி, மாலையோடு வானத்துக்கு நேரே பிடித்தேன்.

"இல்லைங்க சாமி. அருந்ததி இன்னும் உதிக்கவே இல்ல. மத்தியானத்துக்கு மேலதான் வருவா. இவங்க காட்டுற பக்கம் கார்த்திகைதான் இருக்கு."

நாதஸ்வரம் நின்றது.

"தெரியுதுன்னு சொல்லித் தொலைடி!" என்று அம்மா முதுகில் கிள்ளினார். சொன்னேன். யாரும் நம்பவில்லை.

"ஊரு ஒலகத்துக்கே தெரியுது, இவளுக்குத் தெரியலயாம்," என்றார் மாமியார், மகனைப் பார்த்து. "இவ எப்புடிடா குடும்பம் நடத்துவா?"

அதன்பின் அந்த வீட்டில் பால் திரிந்தால் அருந்ததி. மாமனாருக்குக் காய்ச்சல் வந்தால் அருந்ததி. ஹட்டனில் வேலை முடிந்து, பஸ் பிந்தி, இருட்டி வந்தால், "யாரோட நின்னுகிட்டிருந்த?" என்பார் கணவர். "அருந்ததியே தெரியாதவதானே நீ!"

இரண்டாம் வருடம், என் பெட்டியோடு என்னை தோட்டத்தில் அப்பாவின் லயத்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

பிறகு ஆற அமரப் புராணத்தைப் படித்தேன். (கல்யாணத்துக்கு முன்பு படித்திருக்க வேண்டியது.) ஏழு முனிவர்களில் ஆறு பேர், செய்யாத தப்புக்காகத் தங்கள் மனைவியரைச் சந்தேகப்பட்டுத் துரத்தினார்களாம். அந்த ஆறு பெண்கள்தான் கார்த்திகை நட்சத்திரம். மிஞ்சியவள் அருந்ததி. ஆக, என் கணவரின் விரல் கல்யாணத்தன்றைக்குச் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. அந்த ஆறு பேருக்காவது வளர்க்க முருகன் கிடைத்தான். எனக்கு அந்தப் பெட்டி.

போன மாதம் தம்பிக்குக் கல்யாணம். அம்மி மிதித்ததும் மணப்பெண்ணின் காதில் அம்மா சொன்னார்: "என்ன கேட்டாலும் தெரியுதுன்னு சொல்லிரு தாயி. எங்க வீட்ல ஒருத்தி போதும்."

ஐயர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அவள் மூடுபனியைப் பார்த்து, "தெரியுதுங்க!" என்று கணீரென்று சொன்னாள். தம்பி என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, நீ போனை எடுத்துறாத!"

எடுக்க வழியில்லை. கோயில் படியேறும்போதே அம்மா அதைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.