மருமகள் உள்ளே இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வராதே

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாகவும், முடிந்தால் கோபம் தணிந்தும் இருக்க வேண்டுகிறேன்.

அண்ணியின் போனுக்கு நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டோம். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் கேட்டோம், அப்படியும் நீ திட்டியது ஒரு வார்த்தை பாக்கியில்லாமல் காதில் விழுந்தது. கூடப்பிறந்தவளுக்கே சொல்லாமல் பையனுக்குக் கல்யாணத்தை முடித்துவிட்டோம், மருமகளை வீட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறோம், ஆகவே ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா பெரியம்மா வகையறா அத்தனை பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, வாசலில் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கப் போகிறாய். கேள், தாராளமாகக் கேள். ஆனால் இந்த ஞாயிறு வேண்டாம். நீ கூட்டத்தோடு வந்தால் மருமகள் பிள்ளைகளைப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். பிள்ளைகள் வேறா என்று நெஞ்சில் கையை வைக்காதே. மருமகள் ஒரு குருவி.

நான் பேருந்து நிலையத்தில் மைக் பிடித்து வண்டி வரவு சொல்லியே காலம் தள்ளியவன் என்பது உனக்குத் தெரியும். ஓய்வு பெற்றபோது பழுதான மர ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். உள்ளே இருந்ததைப் பிடுங்கிவிட்டு, பெரிய ஓட்டையைப் பலகை வைத்து அடைத்து, சின்ன ஓட்டையை மட்டும் விட்டு, சமையலறை ஜன்னலுக்கு எதிரே கொய்யா மரத்தில் கட்டினேன். போன வருடம் ஒரு ஜோடி குண்டுக்கரிச்சான் குருவி வந்து முட்டையும் வைத்தது. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்த் தொட்டி கழுவ வந்தவர்கள் மரத்தடியில் நின்று மொட்டைமாடிக்குக் கத்தினார்கள் பார், இரண்டும் பறந்ததுதான், திரும்பவே இல்லை. சில்லிட்டுப்போன முட்டைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உன் அண்ணி அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. அடுத்த தடவை யார் வந்தாலும் போனாலும் சரி, ஒரு குஞ்சாவது நம் வீட்டிலிருந்து பறந்தே தீர வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

இந்த வருடம் முதலில் ஆண் மட்டும் வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தது. மறுநாள் பெட்டையையும் கூட்டிக்கொண்டு வந்தது. அவள் உள்ளே போவதும் வருவதும், கழுத்தைச் சாய்த்துப் பார்ப்பதும், இவன் வாலைத் தூக்கித் தூக்கி அவள் பின்னாலேயே திரிவதும் பார்த்துவிட்டு, "பையன் மருமகளைக் கூட்டிட்டு வந்திருக்கான், வீடு பிடிச்சிருக்கான்னு பாக்கறா" என்றாள் அண்ணி. அன்றிலிருந்து எங்களுக்கு அவன் பையன், அவள் மருமகள். வந்த வினை அதுதான். நீ போன் செய்தபோது அண்ணி ஜன்னலோரம் நின்றிருக்கிறாள், அதனால் ரகசியக் குரலில், "பையன் திடீர்னு ஒருத்தியக் கூட்டிட்டு வந்துட்டான், மருமக உள்ளயே உக்காந்திருக்கா, தலையே காட்ட மாட்டேங்கறா, சத்தம் கேட்டா ஓடிப்போயிடுவா, வச்சிடறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். யாராக இருந்தாலும் நீ நினைத்ததைத்தான் நினைப்பார்கள். நான் உன்னைக் குறை சொல்லவில்லை. நம் பையன் பாட்டுக்கு வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு, பெண் என்று பேச்செடுத்தாலே "அப்புறம் பாக்கலாம்பா" என்று நழுவிக்கொண்டிருக்கிறான்.

அதன் பிறகு நீ கூப்பிட்டபோதெல்லாம் நாங்கள் எடுக்காததற்கும் காரணம் இருக்கிறது. போன் மணியை அடைத்து வைத்தாயிற்று. அழைப்பு மணியின் ஒயரையும் பிடுங்கியாயிற்று. இந்த வீட்டில் மிக்சி ஓடி வெகுநாளாகிறது, அண்ணி பக்கத்து வீட்டில் போய் அரைத்துக்கொண்டு வருகிறாள், குக்கரும் அங்கேதான் விசில் அடிக்கிறது, அந்த வீட்டம்மாள் எங்கள் அடுப்பு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் பழைய ஸ்டவ் ஒன்றைக் கொடுத்தனுப்பினாள், வேண்டாம் என்று விளக்கம் சொல்ல என் குரல் எழும்பிவிடுமே என்று பயந்து அதையும் வாங்கி வைத்திருக்கிறேன். சிலிண்டர்காரர் சிலிண்டரை உருட்டுவார், அந்தச் சத்தம் ஆகாது என்று நானே தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது, வலியில் கத்தக்கூட முடியவில்லை, துண்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுப் பூனை ஏறக்கூடாது என்று மரத்தில் எண்ணெய் தடவினேன். பூனை ஏறவில்லை, சரி. பெட்டியின் கயிறு தளர்ந்திருக்கிறதே என்று நான் ஏறினேன். அதை விடு, இப்போது கட்டுப் பிரித்தாயிற்று.

குஞ்சுகள் பொரிந்துவிட்டன, தங்கச்சி. ஓட்டையில் மஞ்சள் வாய் தெரிகிறது. மருமகளும் பையனும் மாறி மாறிப் புழுவைக் கொண்டுவந்து ஊட்டுகிறார்கள், ஒரு நிமிடம் சும்மா இருப்பதில்லை. இன்னும் சில நாளில் பறந்துவிடும். அதுவரை இந்த வாசலில் ஆள் கூட்டமும் கிடையாது, வேன் ஹார்னும் கிடையாது, இது என் கடைசிப் பேச்சு. உன்னை நம்பவைக்க நேரில் பேசலாம், ஆனால் எனக்கு மெதுவாகப் பேச வராது, அதனால்தான் கடிதம். நம் வீட்டில் கல்யாணம் நடந்தால் முதல் சேதி உனக்குத்தான் வரும். சத்தியம்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசி. வேன்காரரிடம் கொடுத்த முன்பணத்தைத் திருப்பி வாங்கிவிடு.

இப்படிக்கு,
பொய் சொல்லி அறியாத உன் அண்ணன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் போனில் நம் பையன் பேசினான், குருவியல்ல, நிஜப் பையன். நீ அவனையும் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்திருக்கிறாய் போலிருக்கிறது. எடுத்த எடுப்பில், "அப்பா, அத்தைக்கு எப்படித் தெரிஞ்சுது? நானே வந்து சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்கிறான். போன மாதமே பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம். கூட வேலை பார்க்கிற பெண்ணாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வருகிறார்களாம். நாள் முழுக்க ஓர் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன், பெற்ற பிள்ளை செய்ததைப் பார்க்கவில்லையே என்று எனக்கு வயிறு எரிகிறது. கத்தியிருப்பேன், ஜன்னல் திறந்திருந்தது. அண்ணி ஒரு கண்ணில் அழுகிறாள், மறு கண்ணில் சிரிக்கிறாள். ஆகவே வேனை வேண்டாமென்று சொல்லிவிடாதே, அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வா, நான் கேட்க முடியாத நாலு கேள்வியையும் நீதான் கேட்க வேண்டும். வேனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக வாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு திட்டு, அழு, என்ன வேண்டுமானாலும் செய், ஆனால் ரகசியக் குரலில் செய். குஞ்சுகள் இன்னும் பறக்கவில்லை.