நாய்க்குட்டி அண்ணனின் இடது பையும் வலது பையும்

சித்திரை வெயிலில், சித்தையன்கோட்டை பஸ்ஸில், கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றபடியே வந்து, இறங்கும்போதும் சிரித்துக்கொண்டே இறங்குகிற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். நாங்கள் அவரை நாய்க்குட்டி அண்ணன் என்போம். சொந்தப் பெயரைக் கேட்டால், "மேஜிக் நிபுணர்னு வச்சுக்கங்க" என்பார்.

நாகல் நகரில் நான் சூப்பர்வைசராக இருக்கும் பிரியாணிக் கடைக்கு ஞாயிறுதோறும் வருவார். நீளப் பலூனை ஊதி, முறுக்கி, பிள்ளைகளுக்குப் பொம்மை செய்து தருவது வேலை. எதைக் கேட்டாலும் நாய்தான் வரும். கழுத்தை நீட்டிவிட்டால் ஒட்டகச்சிவிங்கி, காதை நீட்டிவிட்டால் முயல். ஒரு பொடியன் யானை கேட்டான். கொடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நாயி" என்றான்.

"சாப்புடாத யானை அப்பு. ஊட்டு, பெருசாயிரும்" என்றார் அண்ணன். அவன் சாப்பிட்டு முடிக்கிறவரை பலூன் மூக்கில் பிரியாணியை அப்பிக்கொண்டிருந்தான்.

ஆனால் அவர் உயிர் பலூனில் இல்லை. மேசைக்குப் பக்கத்திலேயே நின்று, சீட்டையும் காசையும் கண்ணெதிரே மறைய வைப்பாரே, அந்த மேஜிக்கில் இருந்தது. கோட்டின் இடது பை பலூனுக்கு; வலது பை மேஜிக்குக்கு. பலூன் பவுடர் விரலில் இருந்தால் சீட்டு வழுக்கும் என்று நடுநடுவே போய்க் கை கழுவுவார்.

"சாப்ட்ட நாங்க எச்சிக் கையோட நிக்கிறோம். சாப்புடாத ஆளு நீ எதக் கழுவுற?" என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

ஒருமுறை பிரியாணி வந்த பிறகு சீட்டை நீட்டி, "ஒண்ணு எடுங்க" என்றார். எதிரே இருந்தவர் நல்ல வளர்ப்பு. இடது கையால் எதையும் வாங்க மாட்டார். நல்லி எலும்பைக் கீழே வைத்துவிட்டு அதே கையால் சீட்டை எடுத்தார். அண்ணன் கலைத்துப் போட்டு, கண்ணை மூடி மந்திரம் சொல்லி முடிப்பதற்குள், அவருடைய சின்ன மகள் நெய் மினுங்கிய சீட்டை உருவி மேசையில் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அண்ணன் ஒரு சட்டம் போட்டார்: சோறு வருவதற்கு முன் மேஜிக், கை கழுவிய பின் பலூன்.

சட்டம் நிற்கவில்லை. ஒரு பிள்ளைக்குப் பலூன் காட்டினால் கடையே எழுந்து வரும். மேஜிக் ஆரம்பித்தால், சாப்பிட்டு முடித்தவர்களும் எழுந்திருக்க மாட்டார்கள்; வாசலில் இடத்துக்குக் காத்திருப்பவர்கள் என்னை முறைப்பார்கள். பாதியில் படிப்பை விட்டவன் நான். இந்த வேலையும் போனால் என்ன ஆவது என்கிற பயம் எப்போதும் உண்டு. பலூன் வெடித்தாலே சிலிண்டரோ என்று சமையல்கட்டுக்கு ஓடுகிறவன்.

முதலாளி ஒருநாள் சொல்லிவிட்டார். "மேசை காலியாக மாட்டேங்குது. வார ஞாயித்துக்கெழமையில இருந்து பலூன் மட்டும். வித்த காட்டுறதா இருந்தா வேற கடையப் பாத்துக்கங்க."

அண்ணன் தலையாட்டினார். வெளியே வந்துதான் என்னிடம் பேசினார். "பலூன் குடுத்தா புள்ளைக பலூனப் பாக்குதுகப்பா. மேஜிக் பண்ணாத்தான் என் மொகத்தப் பாக்குதுக. அது இல்லைன்னா நான் எதுக்கு இம்புட்டு தூரம் வாரேன்? பலூன மட்டும் பஸ்ல ஏத்தி விட்டா போதுமே. இந்த ஒரு வாரம் பாக்குறேன். அப்பறம் வரல."

அந்த ஞாயிறு, முதன்முதலாக நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கிய பிள்ளைகளோடு மாதா கோயிலிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கிவிட்டார்கள். பிரியாணி இன்னும் தம்மில். அண்ணன் சொன்ன சொல் தவறாமல் பலூன் மட்டும் ஊதினார். சிறகு மட்டும் இல்லாத சம்மனசு மாதிரி வெள்ளை உடுப்பில் வந்த பிள்ளைகள், முறுக்குவதற்கு முன்பே பலூனைப் பிடுங்கிக்கொண்டு போய் வாள் சண்டை போட்டார்கள். பெரியவர்களுக்குப் பசி.

"ஏப்பா, சோறு வருமா, இல்ல நாய்க்குட்டியத்தான் திங்கணுமா?" என்று ஒரு மீசைக்காரர் மேசையைத் தட்டினார். முதலாளி உள்ளே அண்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மேஜிக் பண்ணுங்க" என்றேன்.

"மொதலாளி?"

"நான் பாத்துக்கிறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது.

அண்ணன் கை கழுவிவிட்டு மீசைக்காரரிடம் ஒரு காசு வாங்கினார். மூடினார், திறந்தார், காசு இல்லை. "ஒங்க டம்ளரத் தூக்குங்க" என்றார். அடியில் இருந்தது. மீசைக்காரர் அண்ணன் முகத்தையே பார்த்தார். "இன்னொருக்கா காட்டுங்க" என்றார், பள்ளிக்கூடத்துப் பையன் குரலில். மேசை மேசையாகக் கடை அடங்கியது. பிரியாணி வந்தபோது ஒரு மேசையில், "செத்த பொறுப்பா, முடியட்டும்" என்று வெயிட்டரையே நிறுத்தி வைத்தார்கள்.

வம்பு அதற்குப் பிறகுதான். சாப்பிட்டு முடித்தும் ஒருவரும் எழவில்லை. முதலாளி வெளியே வந்து பார்த்த பார்வையில், தொப்பம்பட்டியில் கடை வைத்திருக்கும் என் மச்சானிடம் எந்த முகத்தோடு வேலை கேட்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அப்போது அண்ணன் சீட்டை வலது பையில் போட்டார். நேராகக் கடை வாசலுக்குப் போனார். இடது பையிலிருந்து ஒரு பலூனை எடுத்து ஊதினார். பிள்ளைகள் அரைகுறையாகக் கை கழுவிவிட்டு ஓடினார்கள். பிள்ளைகளைப் பிடிக்க அம்மாக்கள், அம்மாக்களுக்குப் பின்னால் அப்பாக்கள். பில்லுக்கு வழிமறிக்கவே நான் ஓட வேண்டியிருந்தது. மேசைகள் காலி.

முதலாளி காலி மேசைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். "சோறு லேட்டுன்னா உள்ள மேஜிக். தின்னு முடிச்சா வாசல்ல பலூன். இத மொதல்லயே சொல்றதுக்கென்ன அந்தாளுக்கு?" என்று என்னை ஏசினார். பிறகு, "வாசல்ல ஒரு ஸ்டூலப் போடு. எம்புட்டு நேரந்தான் நிப்பாரு" என்றார்.

இப்போதும் ஞாயிறுதோறும் வருகிறார். பஸ் தாமதமானால், தம் உடைத்து, மேசை துடைத்து எல்லாம் தயாராக இருந்தாலும், நான் வாசலுக்கும் கல்லாவுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். கவலைப்பட எனக்கு எப்போதும் நூறு காரணம் இருக்கும். அந்த நேரத்தில் மட்டும் ஒன்றே ஒன்றுதான்.