மோட்டார்காரர் உயிர் கொடுத்த கம்ப்யூட்டர்

"இன்னிக்கு இந்தக் கம்ப்யூட்டருக்கு நான் உயிர் குடுக்கலேன்னா, என் பேரை மாத்திக்கிறேன்!"

மோட்டார்காரர் இப்படிச் சபதம் போட்டபோது அவர் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். வெங்காயத்தால் வந்த தண்ணீர்தான், சபதத்தால் இல்லை. அவர் சபதங்களுக்கு அழுகிற வழக்கத்தை அவள் கல்யாணமான வருஷமே விட்டுவிட்டாள்.

எரிந்துபோன தண்ணி மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர் அவர். செத்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனால் பாட்டுப் பாட வைத்துத் திருப்பிக் கொடுப்பார். மனைவி, வீட்டில் இருந்தபடியே ஒரு இஞ்சினியருக்குக் கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கிறவள். கம்ப்யூட்டர் வாங்கியது அவள் வேலைக்கு. ஆனால் சாயங்காலம் ஆனால் அதன் முன்னால் சப்பணம் போட்டுச் சீட்டாடுவது அவர். "நகருங்க, மாடிப்படி வரையணும்" என்று அவள் சொல்வாள். "இந்த ஒரு ஆட்டம்" என்று அவர் சொல்வார். அந்த ஒரு ஆட்டம் முடிவதற்குள் இஞ்சினியர் நாலு தடவை போன் பண்ணிவிடுவார்.

இந்த நிலைமையில்தான் கம்ப்யூட்டர் பெட்டியின் மதர்போர்டு புகைந்து போனது.

"ஆளைக் கூப்பிட்டுடலாங்க" என்றாள் அவள்.

"ஆளா? அப்ப நான் யாரு, ஆணியில மாட்டின சட்டையா?"

"சரி, நீங்களே பாருங்க."

"பாக்கறேன். ஆனா ஒரு சட்டம். யாரால இதுக்கு உயிர் வருதோ அவங்கதான் இதுக்கு முதலாளி. அடுத்தவங்க அனுமதி கேட்டுத்தான் தொடணும்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நானா? மாறவே மாட்டேன்!"

"சரிங்க."

அவள் அவ்வளவு சுலபமாகச் 'சரிங்க' சொன்னபோதே மனுஷர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

கடையில் புது மதர்போர்டு வாங்கினார். கழற்றினார், மாட்டினார். ஒரு திருகாணி மிஞ்சியது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினார். விர்ரென்று விசிறி சுற்றியது, திரையில் வெளிச்சம் வந்தது. "பாத்தியா!" என்று கத்த வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். திரையின் மூலையில் மங்கலாய் ஒரு வாசகம்: லைசென்ஸ் செல்லாது. இது வேறு கம்ப்யூட்டர்.

"வேறயா? அதே பெட்டி, அதே தூசி! நான் காயில் கட்டின மோட்டார் எதாவது 'நீ யாருய்யா, உன்னைத் தெரியாது'ன்னு சொல்லியிருக்கா?"

உதிரிபாகக் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, உள்ள இருக்கற சாஃப்ட்வேரோட லைசென்ஸு பழைய போர்டை அடையாளம் வச்சிருக்கும். போர்டு மாறினா அதுக்கு நீங்க புது ஆள். ஆனா யாரோட கணக்குல அதைச் சேத்து வச்சிருக்கோ, அந்தக் கணக்குக்குள்ள போங்க. 'பெட்டியில பாகம் மாத்தினேன்'னு சொன்னா திரும்பக் குடுத்துடும்."

"யாரோட கணக்குல சேத்திருக்கோம்?"

"அதை வீட்டுல கேளுங்கண்ணே."

கேட்பதா? முதலாளி போய்க் கேட்பதா? மாட்டார். மனைவியின் கணக்கு என்று திரையே சொன்னது. பாஸ்வேர்டைத் தானே கண்டுபிடிப்பது என்று முடிவு பண்ணினார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒற்றை விரலால்தான் தட்டுவார். தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லித்தான் தட்டுவார். முதலில் தன் பேரை உச்சரித்தார். தவறு என்றது திரை. அடுத்து மாமியார் பேர். அதுவும் தவறு. அடுப்படியில் மனைவியின் போன் டிங் என்றது.

"ஏங்க! எவனோ என் கணக்குல நுழையப் பாக்கறானாம். போன் சொல்லுது."

"அப்படியா? விடாதே அவனை!"

"திருட்டுப் பயலுக்கு எங்கம்மா பேரெல்லாம் தெரிஞ்சிருக்குங்க. வீட்டு ஆள் மாதிரி இருக்கு."

மோட்டார்காரருக்கு வியர்த்தது. இனி வாயைத் திறப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு கல்யாணத் தேதியைத் தட்டினார். தவறு. தேதி தவறா, பாஸ்வேர்டு தவறா என்பது அவருக்கே சந்தேகம்.

திரை மனமிரங்கி இன்னொரு வழி காட்டியது: போனுக்கு ஒரு எண் அனுப்பட்டுமா?

அடுப்படிக்குப் போனார். "இந்தாம்மா, உன் போனைக் குடு. கடைக்காரர்கிட்ட பேசணும், என்னுதுல சார்ஜ் இல்ல."

"எடுத்துக்கங்க" என்றாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சிரிப்பை மட்டும் குழம்புச் சட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எண் வந்தது, தட்டினார், கணக்குத் திறந்தது. 'சமீபத்தில் பாகம் மாற்றினேன்' என்பதை அமுக்கினார். உங்கள் பழைய கம்ப்யூட்டர் இதுதானா என்று ஒரு பேரைக் காட்டியது. அவள் அந்தப் பெட்டிக்கு வைத்திருந்த பேர்: 'சொன்ன பேச்சு கேட்பது.'

"கொழுப்பு!" என்று முனகிக்கொண்டே 'ஆமாம்' என்று அமுக்கினார். மூலையிலிருந்த வாசகம் மறைந்தது.

"வந்துடுச்சு! உயிர் வந்துடுச்சு! இப்ப யாரு முதலாளி?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "சாமர்த்தியம்தாங்க. இருங்க, ஜெயிச்சதுக்கு ஒரு பரிசு. உங்களுக்குன்னு தனிக் கணக்கு போட்டுத் தரேன்."

என்னவோ தட்டினாள். திரையில் அவர் பேர் பெரிதாய் மின்னியது. மோட்டார்காரருக்கு நெஞ்சு விரிந்தது. சீட்டைத் திறந்தார். கையில் அருமையான ஆட்டம், இன்னும் ஒரு சீட்டு இறங்கினால் ஜெயம். அப்போது திரை இருண்டது.

'இன்றைய விளையாட்டு நேரம் முடிந்தது. பெரியவர்களிடம் அனுமதி கேட்கவும்.'

"என்னம்மா இது? எனக்கு எத்தனை வயசுன்னு போட்டிருக்கே?"

"பன்னெண்டு. பத்துன்னுதான் போடப் போனேன், பாவம்னு ரெண்டு கூட்டினேன்."

"நான்தானே முதலாளி! உயிர் குடுத்தது நான்!"

"போர்டு உங்களுது. உயிர் வந்தது யார் கணக்காலங்க? சட்டம் நீங்க போட்டது. பேச்சு மாற மாட்டேன்னீங்க."

"மாற மாட்டேன்! ஆனா அனுமதி மட்டும் கேக்கவே மாட்டேன். இது என் வீடு, என் கரண்டு, என் நாற்காலி. உலகமே தலைகீழா நின்னாலும் கேக்க மாட்டேன்!"

அவள் அடுப்படிக்குப் போனாள்.

குழம்பு ஒரு கொதி வந்தது. பிறகு அவள் போன் டிங் என்றது: 'இன்னும் ஒரு ஆட்டத்துக்கு உங்கள் அனுமதி கேட்கப்படுகிறது.'